ஏற்காடு மலைப்பாதையில் நாலு வண்டிக்கு வாக்கி-டாக்கி: எந்த செட், எந்த ஆண்டெனா, ரிப்பீட்டர் வேணுமா?

குரங்குச்சாவடி_ரைடர்:

வணக்கம். சேலத்திலிருந்து நாலு வண்டி ஏற்காடு போறோம். ஏறும்போது அடிவாரம் வழி, இறங்கும்போது குப்பனூர் வழி. நாகலூர் பக்கம் தெரிஞ்சவங்க எஸ்டேட்ல ரெண்டு ராத்திரி டென்ட். வண்டிகள்: பொலிரோ, இன்னோவா, ஜிம்னி, கான்வாஸ் டாப் போட்ட தார். கொண்டை ஊசி வளைவுகள்ல முன்வண்டியும் கடைசி வண்டியும் பேசிக்கணும், எஸ்டேட்டுக்குள்ள நடக்கப் போறவங்க டென்ட்டோட பேசணும். அவ்வளவுதான் தேவை. பல இடத்துல செல்போன் எடுக்கறதில்லை.

கடையில ஒருத்தர் 5 வாட் செட் போதும்னார், இன்னொருத்தர் 10 வாட் வாங்குங்கன்னார். நண்பர் ஒருத்தர் சேர்வராயன் கோயில் மேட்டுல பேட்டரியோட ஒரு சின்ன ரிப்பீட்டர் (வர்ற பேச்சை வாங்கித் திரும்ப ஒலிபரப்புற பெட்டி) வச்சுட்டா மலை முழுக்கக் கேட்கும்ங்கிறார். எங்க நாலு பேர்ல ஜிம்னிக்காரர் மட்டும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வச்சிருக்கார். விவரம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

ஒண்டிக்கடை_73:

முதல்ல உரிமத்தை முடிச்சுட்டு அப்புறம் வாட்டுக்கு வாங்க. ஹாம் உரிமம் ஆளுக்குத் தர்றது. வண்டிக்கோ குழுவுக்கோ இல்லை. நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா, அவர் ஹாம் பட்டையான 145 மெகாஹெர்ட்ஸ்ல பேச உங்க குழுவுல ஆளே கிடையாது. கடைக்காரர் காட்டுற 5 வாட், 10 வாட் சீன செட் 136 முதல் 174 வரை, 400 முதல் 480 வரை எங்க வேணும்னாலும் ஒலிபரப்பும். அந்த இடைவெளியில போலீஸ், தீயணைப்பு, தனியார் உரிமதாரர்னு பலர் இருக்காங்க. உரிமம் இல்லாம அதை அழுத்தினா அது குற்றம்தான், மலைமேல யாரும் கேட்கலைன்னாலும்.

உரிமம் இல்லாதவங்களுக்கு நேர் வழி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். 2018-ல உரிம விலக்கு தந்த பட்டை இது. செட்டுக்கு இடிஏ எனும் வகை ஒப்புதல் இருக்கணும், பெட்டியிலேயே இடிஏ எண் போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. இந்த வகை செட் அரை வாட்தான், ஆண்டெனாவும் கழற்ற முடியாது. வெளி ஆண்டெனா, பூஸ்டர், ரிப்பீட்டர் மூணுக்கும் இங்க இடமில்லை. அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டுவர்ற செட் 462, 467 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இங்க அதுக்கு விலக்கு கிடையாது.

அரை வாட்டுன்னதும் முகம் சுளிக்காதீங்க. 5 வாட்டுல இருந்து 50 வாட்டுக்குப் போனாலும் சிக்னல் பலத்துல கிடைக்கிறது 10 டெசிபல்தான். நடுவுல ஒரு பாறை முகடு வந்தா அது 20, 30 டெசிபலைச் சாதாரணமாத் தின்னுட்டுப் போகும். அதனால பாறைக்குப் பின்னால இருக்கிறவருக்கு அரை வாட்டும் கேட்காது, 10 வாட்டும் கேட்காது. பாறை இல்லாத இடத்துல ரெண்டுமே கேட்கும். அடிவாரம் வழியில 20 கொண்டை ஊசி வளைவு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி இருக்கிறதால, ரோட்டுக் கணக்குல ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வண்டி நேர்க்கோட்டுல 200, 300 மீட்டர்லதான் இருக்கும். அங்க பிரச்சினை தூரம் இல்லை, சரிவோட வளைவுதான். மலையை வெட்டின உள்மடிப்புல நிக்கும்போது பேசாதீங்க. பள்ளத்தாக்கு திறந்து தெரியற வெளி வளைவுக்கு வந்ததும் பேசுங்க. ஒரே செட்டுக்கு இதுலயே ஏகப்பட்ட வித்தியாசம் தெரியும்.

முன்வண்டியும் கடைசி வண்டியும் ஒருத்தருக்கொருத்தர் கேட்காத இடம் கட்டாயம் வரும். அப்போ நடுவுல வர்ற வண்டி சேதியை வாங்கி அப்படியே கடத்தணும். “பஸ் ஒண்ணு இறங்குது, பன்னிரண்டாவது வளைவு” என்கிற அளவு நறுக்குன்னு. செலவில்லாத ரிப்பீட்டர் அதுதான். அந்தப் பொறுப்பு யாருக்குன்னு கிளம்பும் முன்னாடியே சொல்லி வைங்க, இல்லைன்னா ரெண்டு வண்டியும் ஒரே நேரத்துல கடத்தும், ஒண்ணும் புரியாது.

வண்டிக்குள்ள கையில வச்சுப் பேசறப்போ செட்டைத் தொடைமேல வச்சுக்காதீங்க. இரும்புக் கூடு சிக்னலை அமுக்கும். ஓட்டுநர் பேச வேண்டாம், பக்கத்து சீட்டுக்காரர் கண்ணாடியை ஒட்டிச் செங்குத்தாப் பிடிக்கணும். கண்ணாடியில உலோகப் பூச்சு உள்ள வெயில் ஃபிலிம் ஒட்டியிருந்தா கண்ணாடியை இறக்கித்தான் பேசணும்.

அமைப்புல சறுக்குற இடங்கள் சிலது. ரெண்டு வேற பிராண்டு வாங்கினா சேனல் நம்பரை நம்பாதீங்க, அலைவரிசையைப் பாருங்க. இந்தப் பட்டையில சேனல்கள் 446.00625-ல தொடங்கி 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில போகும். சிடிசிஎஸ்எஸ் டோன் (பேச்சோட சேர்ந்து போற அடையாள ஒலி, அது வந்தாத்தான் எதிர் செட் ஸ்பீக்கர் திறக்கும்) நாலு செட்டிலும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல மட்டும் டோன் போட்டிருந்தா, அந்த ஆள் பேசறது எல்லாருக்கும் கேட்கும், மத்தவங்க பேசறது அவருக்குக் கேட்காது. செட் ரிப்பேர்னு நினைச்சுத் திருப்பிக் கொடுக்கிறதுல பாதி இந்தக் கதைதான். டோன் போட்டா ரகசியம் கிடைக்கும்னும் நினைக்காதீங்க. அடுத்தவர் சத்தம் உங்க ஸ்பீக்கர்ல வராது, உங்க பேச்சு எல்லாருக்கும் போகும். கடைசியா, பொத்தானை அழுத்தி அரை நொடி பொறுத்துப் பேசுங்க. எதிர் செட் பேட்டரி மிச்சம் பிடிக்க அப்பப்போ தூங்கும், முதல் சொல்லை அது முழுங்கிடும். “நிக்காதே” என்கிறது “காதே”ன்னு போய்ச் சேரக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை_ஆட்டோ_எலக்ட்ரிக்:

மேல சொன்னது சரி. ஜிம்னி ஹாம் நண்பருக்காக வண்டி வேலையை மட்டும் சொல்றேன், மத்தவங்க தேர்வு எழுதி வந்த பிறகும் உதவும்.

கரண்ட்: 50 வாட் செட் பேசும்போது 10, 12 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல இருந்து எடுக்காதீங்க, அங்க ஒயரும் மெல்லிசு, ஃபியூஸும் சின்னது. கேட்கறப்போ நல்லா இருக்கும், அழுத்தினதும் செட் அணைஞ்சு மறுபடி ஆன் ஆகும். பேட்டரியில இருந்து நேரா 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் ரெண்டு இழுங்க. மூணு மீட்டர் ஓட்டத்துக்கு 12 ஆம்பியர்ல 0.3 வோல்ட்தான் இறங்கும். அதே இடத்துல 1.5 ஸ்கொயர் போட்டா 0.8 வோல்ட் போயிடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். செட் பக்கம் மட்டும் ஃபியூஸ் வச்சா, நடுவுல ஒயர் தேய்ஞ்சு பாடியில பட்டதும் எரியறது ஒயர்தான். ஃபயர்வால் ஓட்டையில ரப்பர் குரோமெட் இல்லாம ஒயரைக் கொண்டு போகாதீங்க.

நெகட்டிவ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. இப்ப வர்ற பல வண்டியில பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அது இருந்தா செட்டோட நெகட்டிவை முனையில மாட்டாம, பேட்டரி கேபிள் பாடியில வந்து சேர்ற போல்ட்ல மாட்டுங்க. முனையிலேயே மாட்டினா அந்த ஆம்பியர் சென்சார் கணக்குல வராது, சார்ஜிங் கணக்கு தப்பும்.

ஆண்டெனா: இரும்புக் கூரையோட நடுவுதான் ராஜ இடம். ஜிம்னி, பொலிரோ, இன்னோவா மூணுலயும் மேக்னெட் மவுண்ட் ஒட்டும். வைக்கும் முன்னாடி கூரையையும் காந்தத்தையும் துடைங்க, சேலத்துப் புழுதியில இரும்புத் துகள் ஒட்டியிருந்தா பெயின்ட்டைக் கீறிடும். கேரியர் கம்பி இருந்தா அதுல இருந்து அரை மீட்டராவது தள்ளி வைங்க. தார் கான்வாஸ் டாப்புக்கு மேக்னெட்டும் ஒட்டாது, கீழே தகடும் இல்லை. பானெட் கீல் பக்கம் பிராக்கெட் போட்டு, பிராக்கெட் திருகு பெயின்ட்டைத் தாண்டி உலோகத்தைத் தொடுதான்னு மீட்டர்ல பாருங்க. இல்லைன்னா தரைத்தகடு தேவைப்படாத அரை அலை ஆண்டெனா வாங்குங்க. ஸ்டெப்னி மேல மாட்டுற மவுண்ட் பார்க்க அழகு, அலை ஒரு பக்கமாச் சாயும்.

மலைக்கு நீள ஆண்டெனா வாங்கணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சமவெளியில சரி. கெயின் அதிகமான ஆண்டெனா அலையைத் தட்டையா அமுக்கி அடிவானத்தைப் பார்த்து அனுப்பும். மலைப்பாதையில நீங்க பேச வேண்டிய ஆள் தலைக்கு மேலயோ காலுக்குக் கீழயோ இருப்பார், ஏத்தத்துல வண்டியே சாய்ஞ்சும் நிக்கும். அங்க கால் அலைக் கம்பி (அலைநீளத்துல கால் பங்கு நீளம்) போதும், 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். எஸ்டேட் ரோட்டுல சில்வர் ஓக் கிளை, மிளகுக் கொடி எதுவும் இழுக்காது. இந்தக் கம்பி இன்னொரு ஹாம் பட்டையான 435 மெகாஹெர்ட்ஸ்லயும் எஸ்டபிள்யூஆர் (செட்டோட ஆண்டெனா எவ்வளவு பொருந்துதுங்கிற மீட்டர் அளவு) நல்லாத்தான் காட்டும், ஏன்னா அங்க அது முக்கால் அலை. ஆனா அலை மேல்நோக்கித் தூக்கும். மீட்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

கேபிள்: மேக்னெட் மவுண்டோட வர்ற ஆர்ஜி-58 வகை கேபிள் 5 மீட்டருக்கு 145-ல 1 டெசிபல், 435-ல கிட்டத்தட்ட 2 டெசிபல் தின்னும். 2 டெசிபல்னா மூணுல ஒரு பங்குக்கு மேல கேபிள்லயே போச்சு. மிச்சத்தைச் சீட்டுக்கடியில சுருட்டி வைக்காம அளவா வெட்டி, புது பிஎல்-259 கனெக்டர் போடுங்க. கதவு ரப்பர்ல கேபிள் நசுங்கற இடம்தான் முதல்ல கெடும், கீல் பக்கமா விடுங்க.

குரங்குச்சாவடி_ரைடர்:

ரொம்ப நன்றி. 446 செட் நாலு வாங்கறதுன்னு முடிவு. இன்னும் ரெண்டு கேள்வி. எல்லாரும் ஹாம் தேர்வு எழுதிட்டா அப்புறமாவது அந்தச் சேர்வராயன் மேட்டு ரிப்பீட்டர் யோசனை சரியா? டென்ட்ல வைக்க கைச்செலவுல ஆண்டெனா செய்ய முடியுமா?

மேட்டூர்_அலைவரிசை:

ரிப்பீட்டர் பற்றி. சேர்வராயன் கோயில் பகுதி கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். சேலம் நகரம் 280 மீட்டர் அளவில். வித்தியாசம் ஏறக்குறைய 1,340 மீட்டர். ரேடியோ அடிவானத்தைக் கணக்கிட, உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்க வேண்டும். 150 கிலோமீட்டர் வருகிறது. நாலு வண்டி பேசிக்கொள்வதற்காக நாமக்கல், ஈரோடு, தருமபுரி வரை ஒலிபரப்பும் நிலையம் ஒன்றை வைக்கிறீர்கள் என்று பொருள். கேட்பதும் அப்படியே: அத்தனை ஊர்ச் சத்தமும் அதற்குள் வந்து விழும்.

அவ்வளவு தூரம் கேட்கும் அதே நிலையம், காலடியில் இருக்கும் உங்கள் வண்டிக்குக் கேட்காமல் போகலாம் என்பதுதான் வேடிக்கை. ஏற்காடு ஒரு மேட்டுநிலம். அதன் நடுவில் வைத்த ஆண்டெனாவுக்கு, விளிம்புக்குக் கீழே சரிவில் ஓடும் சாலை தெரியாது. அடிவாரம் வழிக்கு விளிம்பில், லேடீஸ் சீட் போல சேலத்தைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால்தான் பயன். குப்பனூர் வழிக்கு அதுவும் உதவாது, அது மலையின் வேறு முகம். பொதுவாகச் சொன்னால், பேச வேண்டிய இரண்டு இடங்களும் கண்ணுக்குத் தெரிகிற புள்ளிதான் ரிப்பீட்டருக்கு ஏற்ற இடம். உச்சி எப்போதும் அந்தப் புள்ளி ஆகாது.

பொருளும் சிக்கலானது. 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரிப்பீட்டரின் கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பேசும்போதே கேட்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே 80 டெசிபலுக்கு மேல் தடுப்பு தேவை. பெரிய குழாய் வடிவ கேவிட்டி டூப்ளெக்ஸர்கள் (இரண்டு அலைவரிசைகளையும் பிரித்து வைக்கும் வடிகட்டிகள்) அதற்காகத்தான். இணையத்தில் விற்கும் உள்ளங்கை அளவு டூப்ளெக்ஸர் 5 மெகாஹெர்ட்ஸ் போன்ற அகன்ற இடைவெளிக்கானது, 600 கிலோஹெர்ட்ஸுக்கு எவ்வளவு திருகினாலும் இறங்காது. இரண்டு கைச்செட்டை ஒரு கம்பியால் இணைத்து ரிப்பீட்டர் என்று விற்பதும் உண்டு. ஒன்று பேசத் தொடங்கியதும் மற்றது செவிடாகிவிடும். தவிர, ஆளில்லாமல் ஓடும் ரிப்பீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். கோயில் மேட்டில் பேட்டரியும் ஒயருமாக ஒரு பெட்டியைக் கேட்பாரற்று விட்டு வந்தால் முதலில் போலீஸ்தான் வரும்.

எல்லோரும் உரிமம் எடுத்த பிறகு நடைமுறைக்கு ஒத்துவருவது கிராஸ்-பேண்ட். இரட்டைப் பட்டை மொபைல் செட் உள்ள வண்டியை மேடான இடத்தில் நிறுத்தி, உரிமம் உள்ளவர் உடனிருந்து இயக்க வேண்டும். எஸ்டேட்டில் நடப்பவர்கள் 435 பக்கம் குறைந்த சக்தியில் பேச, செட் அதை 145-க்கு மாற்றி அனுப்பும், எதிர்த்திசையிலும் அப்படியே. பட்டைகள் தூரத்தில் இருப்பதால் டூப்ளெக்ஸர் தேவையில்லை. கவனிக்க வேண்டியவை:

அலைவரிசைகளில் ஒன்று மற்றதன் மூன்று மடங்காக வரக் கூடாது. 145.200-இன் மூன்று மடங்கு 435.600, அந்த இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் செட் தன் குரலையே கேட்டுத் திணறும்.

இரு பக்கமும் டோன் ஸ்கெல்ச் (சரியான டோன் வந்தால் மட்டும் திறக்கும் அமைப்பு) போடுங்கள். வெறும் ஸ்கெல்ச்சில் விட்டால் ஒரு இரைச்சல் திறந்ததும் மறுபக்கம் ஒலிபரப்பாகி, அது ஓய்வதற்குள் அடுத்தது திறக்கும்.

கிராஸ்-பேண்டை வேறொரு ரிப்பீட்டரோடு சேர்க்கும்போது, அந்த ரிப்பீட்டர் பேச்சு முடிந்தபின்னும் சில நொடிகள் கேரியரை (பேச்சில்லாத வெற்று அலையை) பிடித்து வைத்திருக்கும். அதுவரை உங்கள் செட் 435-இல் பேசிக்கொண்டே இருக்கும், முகாமில் இருப்பவர் நடுவே நுழைய முடியாது. அந்த ரிப்பீட்டர் பேச்சு முடிந்ததும் டோனை நிறுத்துவதாக இருந்தால் மட்டுமே டோன் ஸ்கெல்ச் இதைத் தீர்க்கும்.

சக்தியை 10 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒருவர் பேசுவதற்காக வடிவமைத்த செட் இருவர் பேச்சையும் சுமப்பதால் சூடு இரட்டிப்பாகும். கணக்கு எளிது: பேசும்போது 4.5 ஆம்பியர், சும்மா கேட்கும்போது 0.6 ஆம்பியர், நேரத்தில் கால் பங்கு பேச்சு என்றால் சராசரி 1.6 ஆம்பியர். 20 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 மணி நேரம் தாங்கும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் அதே நேரத்துக்கு 40 வேண்டும். வண்டியின் சொந்த பேட்டரியை இதற்குக் கொடுத்தால் காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

முகாம் ஆண்டெனா கைச்செலவில் தாராளமாகச் செய்யலாம், ஹாம் செட்டுக்கு மட்டும். எலக்ட்ரிக்கல் கடையில் 25 எம்எம் பிவிசி கண்டியூட் பைப் 2 மீட்டர், ஆர்ஜி-58 கேபிள் 8 மீட்டர், செட்டுக்கு ஏற்ற கனெக்டர் ஒன்று. கேபிளின் மேல்முனையில் 48 சென்டிமீட்டருக்கு வெளி உறையையும் பின்னலையும் உரித்து, உள் இன்சுலேஷனோடு விடுங்கள். அடுத்த 45 சென்டிமீட்டர் கேபிள் உறையோடு முழுசாக இருக்கட்டும். அது முடியும் இடத்தில் பைப்பில் இரண்டு ஓட்டை போட்டு, கேபிளை வெளியே எடுத்து நெருக்கமாக 9 சுற்றுச் சுற்றி மறுபடி உள்ளே விடுங்கள். இந்தச் சுற்று கீழே இறங்கும் கேபிள் ஆண்டெனாவாக நடந்துகொள்வதைத் தடுக்கும். தளர்ந்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ, கேபிளைக் கையால் தொட்டதும் எஸ்டபிள்யூஆர் ஆடும். இனி மேல்முனையை 5 மில்லிமீட்டராக வெட்டிக்கொண்டே அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் நகரும், 46 சென்டிமீட்டர் அருகே 145-இல் வந்து உட்கார வேண்டும். பைப்புக்குள் வைத்தே அளவெடுங்கள், வெளியே அளந்தால் உள்ளே போனதும் அலைவரிசை கீழிறங்கும். மேல்மூடி போட்டு, அடியில் நீர் வடிய ஓட்டை விடுங்கள்.

மூங்கில் ஒன்றில் கட்டி 5, 6 மீட்டர் தூக்கினால் டென்ட்டுக்குள் கையில் பிடித்த செட்டுக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. எஸ்டேட்டில் தாழ்வாகப் போகும் மின்கம்பி எங்கே என்று பகலிலேயே பாருங்கள். கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளியே நடுங்கள். இடி கேட்டால் பேச்சை நிறுத்திக் கம்பத்தைச் சாய்த்துவிடுங்கள். அந்தக் குன்றில் சித்திரை, ஐப்பசி மாலைகளில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல.

நாகலூர்_காப்பி:

இடையில ஒரு கேள்வி. எஸ்டேட் பங்களாவுக்கும் பல்பர் ஹவுஸுக்கும் (காப்பிப் பழத்தோலை உரிக்கிற கூடம்) நடுவே ஒரு முகடு. மேஸ்திரிகளோட பேச ஹாம் எடுத்துட்டா போதுமா?

ஒண்டிக்கடை_73:

போதாதுங்க. ஹாம் பட்டையில தொழில், வியாபாரப் பேச்சு கூடாது. “பழம் எத்தனை மூட்டை” என்கிறதும் அதுல சேரும். மேஸ்திரிக்கும் தனி உரிமம் வேணும். முகட்டு மேல ஒரு ஆள் நின்னு சேதி கடத்த முடியும்னா 446 செட்டுலயே ஓட்டிடலாம். ரிப்பீட்டர் வச்சுத்தான் ஆகணும்னா, சொந்தப் பயன்பாட்டுக்கான தனி அலைவரிசை உரிமத்துக்கு தொலைத்தொடர்புத் துறையோட சரள் சஞ்சார் இணையதளத்துல விண்ணப்பிக்கணும், கம்பத்துக்கு இட அனுமதியும் சேர்த்து. காப்பிக் காட்டுல ஈர இலை 446-ஐ 150-ஐ விட அதிகமா உறிஞ்சும், விண்ணப்பிக்கிறப்போ விஎச்எஃப் (150 பக்கம் உள்ள பட்டை) கேளுங்க.

குரங்குச்சாவடி_ரைடர்:

கடைசியா ஒண்ணு. ஜிம்னியில எல்இடி லைட் பார் போட்டா 145-ல ‘கர்ர்’னு ஓயாத சத்தம், தூரத்து சிக்னல் கேட்கவே மாட்டேங்குது. ஆண்டெனா கோளாறா?

செவ்வாய்ப்பேட்டை_ஆட்டோ_எலக்ட்ரிக்:

ஆண்டெனா இல்லை, பாருக்குள்ள இருக்கிற டிரைவர் சர்க்யூட்தான். உறுதி பண்ண, ஆண்டெனாவைக் கழற்றிட்டு லைட்டைப் போடுங்க. சத்தம் போச்சுன்னா அது காத்துல வர்றது. இன்னும் இருந்தா கரண்ட் ஒயர் வழியா வருது. காத்துல வந்தா பார் ஒயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கி, பாரை ஒட்டி கிளிப் ஃபெரைட் (ஒயர்ல மாட்டுற இரைச்சல் தடுப்பு வளையம்) ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒயரை ரெண்டு மூணு சுத்து விட்டுப் போடுங்க. பாரோட பிராக்கெட்டைத் தட்டையான பின்னல் ஒயரால பாடியோட இணைங்க. ஆண்டெனா கூரையோட முன்பக்கம் இருந்தா ஒரு மீட்டர் பின்னால தள்ளுங்க. டேஷ்கேம், யுஎஸ்பி சார்ஜர் ரெண்டையும் இதே மாதிரி ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பாருங்க, சத்தம் ஒரே இடத்துல இருந்து மட்டும் வர்றதில்லை. இவ்வளவுக்கும் குறையலைன்னா பேசும்போது பாரை அணைச்சுடுங்க. பனி இறங்கின வளைவுல அந்த வெளிச்சம் எதிரே வர்ற பஸ் டிரைவர் கண்ணைத்தான் கூச வைக்கும், ஹெட்லைட் லோ பீம் போதும்.